ஐந்தாவது கால்

மாட்டுக்கு எத்தனை கால்? ரோம் நகரில், தெஸ்தாச்சோ என்ற பகுதியில், ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு நானும் நண்பரும் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டோம். உணவுப் பட்டியலில் ஒரு பகுதிக்கு ‘குவிந்தோ குவார்த்தோ’ என்று தலைப்பு போட்டிருந்தது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘ஐந்தாவது கால்’. அரை, முக்கால் என்கிறோமே, அந்தக் கணக்கில் வரும் கால். “எதையும் பிரிச்சா நாலு கால்தானே வரும்? அஞ்சாவது எங்கருந்து வந்துச்சு?” என்றார் நண்பர்.

கசாப்புக்கூடத்தில் மாட்டை நீளவாக்கில் ஒரு வெட்டு, குறுக்கே ஒரு வெட்டு என்று நான்காகப் பிளப்பார்கள். ஒவ்வொரு காலோடும் ஒரு கால் வரும் (தமிழில் சொன்னால் தானாகவே சிலேடை ஆகிவிடுகிறது, இத்தாலியர்களுக்கு அந்த வசதி இல்லை). முதல் கால் பிரபுக்களுக்கு, இரண்டாவது பாதிரிகளுக்கு, மூன்றாவது வணிகர்களுக்கு, நான்காவது படைவீரர்களுக்கு என்று ரோமில் ஒரு கதை சொல்வார்கள். கதை இவ்வளவு ஒழுங்காக இருப்பதாலேயே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நான்கும் போனபிறகு மிஞ்சுவது என்ன என்பதில் சந்தேகமில்லை. தலை, நாக்கு, வால், குடல், இரைப்பை, ஈரல், நுரையீரல், மண்ணீரல். அதுதான் ஐந்தாவது கால். ரோமின் வட்டாரச் சமையல் என்று இன்று உலகம் கொண்டாடுவதில் பெரும்பங்கு இந்த மிச்சத்திலிருந்து வந்தது.

நாங்கள் போனது திராத்தோரியா வகைக் கடை. ரிஸ்தொராந்தே என்றால் வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள், பரிமாறுபவர் கொஞ்சம் விறைப்பாக நிற்பார். இங்கே மேசைமேல் காகிதம், அரை லிட்டர் குடுவையில் வீட்டு வைன், சுவரில் பழைய கால்பந்து அணியின் படம். ரோமா அணி 1929 முதல் 1940 வரை இந்தப் பேட்டையில்தான் விளையாடியது, அந்தப் பெருமை இன்னும் குறையவில்லை. நண்பர் மாடு சாப்பிடுவதில்லை. அவர் ஆர்டிச்சோக் பொரியலும், பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் சேர்த்த பாஸ்தாவும் கேட்டார். நான் வால் கேட்டேன்.

சாப்பாடு வருவதற்குள் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெஸ்தாச்சோவில் ஒரு குன்று இருக்கிறது. 35 மீட்டர் உயரம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சுற்றளவு. மேலே புல்லும் புதரும். ஆனால் அது மண் குன்று இல்லை. முழுக்க முழுக்க உடைந்த பானைகள். பண்டைய ரோமுக்குத் தென் ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஒலிவ எண்ணெய் பெரிய ஜாடிகளில் வந்து இறங்கியது. எண்ணெய் ஊறிய ஜாடி சிக்கு வாடை அடிக்கும், மறுபடி பயன்படாது. உடைத்து அடுக்கினார்கள், நாற்றம் அடங்கச் சுண்ணாம்பு தூவினார்கள். இரண்டு மூன்று நூற்றாண்டு அடுக்கியதில் குன்றாகிவிட்டது. பிற்காலத்தில் அடிவாரத்தைக் குடைந்து வைன் பீப்பாய்களை வைத்தார்கள். ஓடுகளின் இடுக்கு வழியாகக் காற்று வந்து குகை எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும். பீப்பாய் இருந்த இடத்தில் குடிக்கக் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்த இடத்தில் அடுப்பு எரிந்தது.

1870இல் போப்பின் ஆட்சி முடிந்து ரோம் இத்தாலியோடு சேர்ந்தது, மறுவருடம் தலைநகரானது. தலைநகருக்கு அமைச்சகங்கள் வேண்டும், அகலச் சாலைகள் வேண்டும், கறியும் நிறைய வேண்டும். அதுவரை போப்போலோ சதுக்கத்துப் பக்கம் இருந்த கசாப்புக்கூடத்தை ஊரின் தெற்கு ஓரத்துக்குத் தள்ளினார்கள். 1888க்கும் 1891க்கும் இடையில், ஜோவாக்கினோ எர்சோக் என்ற கட்டடக் கலைஞர் தெஸ்தாச்சோவில் புதிய கூடத்தைக் கட்டி முடித்தார். அந்தக் காலத்துக்கு மிக நவீனமான கட்டடம். வாயிலின் உச்சியில், இறக்கை முளைத்த ஓர் உருவம் காளையை மடக்கிப் பிடிக்கும் சிற்பம் இன்றும் நிற்கிறது. சுற்றிலும் தொழிலாளர்களுக்கு அடுக்கு வீடுகள் எழுந்தன. ஒரே அறையில் இரண்டு குடும்பம் இருந்த வீடுகள்.

கூடத்தில் தோலுரிப்பவர்களுக்குக் கூலியில் ஒரு பகுதி பணமாகக் கிடைக்கவில்லை, ஐந்தாவது காலாகக் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு, வழியில் ஒஸ்தேரியாவில் நிற்பவர்களும் உண்டு. ஒஸ்தேரியா என்றால் அப்போது பெரும்பாலும் வைன் கடைதான். வாசலில் ஒரு மரக்கிளையைக் கட்டித் தொங்கவிட்டால் உள்ளே வைன் இருக்கிறது என்று அர்த்தம். சாப்பாடு கிடையாது, நீங்கள்தான் துணியில் முடிந்து கொண்டுபோக வேண்டும். அப்படிக் கொண்டுபோகிறவர்களுக்கு ‘ஃபகொத்தாரி’ என்று பெயர். மூட்டைக்காரர்கள். தோலுரிப்பவர் தன் மூட்டையை அவிழ்த்து, இதைக் கொஞ்சம் சமைத்துக் கொடுங்கள் என்று கடைக்காரரின் மனைவியிடம் நீட்டியதில்தான் பல கடைகளில் அடுப்பு பற்றியது. அந்தப் பெண்களில் மிகச் சிலரின் பெயர்தான் நமக்குத் தெரியும். எழுதிவைக்கவேண்டிய சமையல் என்று யாரும் அதை நினைக்கவில்லை.

வால் வந்தது. கோதா அல்லா வச்சினாரா. மூட்டு மூட்டாக வெட்டி, பன்றிக்கொழுப்பில் சிவக்க வறுத்து, வைன் ஊற்றி, தக்காளியில் நான்கைந்து மணி நேரம் மெல்லிய தீயில் விட்டுவிட வேண்டும். கடைசியில் செலரி, அதுவும் கைப்பிடி கைப்பிடியாக. சிலர் கசப்புக் கொக்கோ, உலர்திராட்சை, பைன் கொட்டை எல்லாம் சேர்ப்பார்கள். வாலில் தசை குறைவு, மூட்டும் சவ்வும்தான் அதிகம். அந்தச் சவ்வு கரைந்து குழம்பைப் பசைபோல் கெட்டியாக்க நேரம் வேண்டும். பணக்காரர் சமையலில் விலை கறியில் இருக்கும், ஏழைச் சமையலில் விலை நேரத்தில் இருக்கும். அந்த நேரம் யாருடையது என்று எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்காது. சும்மா சொல்லக்கூடாது, கத்தியும் முள்கரண்டியும் அந்த வாலிடம் செல்லாது. கையால் எடுத்து உறிஞ்சினால்தான் உண்டு. பக்கத்து மேசையிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது, நமக்கென்ன கூச்சம்?

இந்த வால் தெஸ்தாச்சோவில் பிறந்தது என்பார்கள். கசாப்புக்கூடத்துக்கு எதிரில், பெயரிலேயே 1887 என்ற ஆண்டைச் சேர்த்துவைத்திருக்கும் கெக்கீனோ உணவகம் அந்த உரிமையைக் கொண்டாடுகிறது. ஆனால் ‘வச்சினாரி’ என்ற மாட்டுத்தோல் தொழிலாளர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே, திபேர் ஆற்றங்கரையில் ரெகோலா வட்டாரத்தில் இருந்தார்கள். அவர்கள் பெயரில் அங்கே இன்றும் ஒரு தெரு உண்டு. ரெகோலாக்காரர்களுக்கு ஊர் வைத்த பட்டப்பெயரே ‘வால்தின்னிகள்’. எனவே பிறந்த ஊர் எது என்ற வழக்கு அவ்வளவு எளிதாக முடியாது.

வட்டாரச் சமையலின் வரலாற்றைத் தோண்டினால் எங்கும் இதே கதைதான். ஆதி என்று ஒன்றைக் காட்டுவார்கள், இன்னும் கொஞ்சம் தோண்டினால் அது நகர்ந்துவிடும். நண்பர் முன்னால் இருந்த ஆர்டிச்சோக்கையே எடுத்துக்கொள்வோம். முள்செடி வகையைச் சேர்ந்த ஒரு பூவின் மொட்டு அது. வெளி இதழ்களைச் செதுக்கி, விரித்து, எண்ணெயில் இருமுறை பொரித்தால் செவ்வந்திப் பூ மாதிரி மலர்ந்து மொறுமொறுவென்று வரும். பெயர் கார்ச்சோஃபி அல்லா ஜுதியா, யூத முறை ஆர்டிச்சோக். ரோமின் அடையாள உணவு என்று எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதைச் செய்தவர்களை ரோம் 1555இல் ஒரு மதிலுக்குள் போட்டுப் பூட்டியது. போப் நான்காம் பவுலின் ஆணைப்படி, யூதர்கள் ஆற்றங்கரைச் சேரிக்குள் மட்டுமே வசிக்க வேண்டும். இரவில் கதவு பூட்டப்படும். பழந்துணி வியாபாரம் தவிர வேறு தொழில் ஏறக்குறைய இல்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அவர்கள் வீடுதான். முந்நூறு வருடங்களுக்கு மேல் அப்படி இருந்தார்கள், சட்டப்படி முழு விடுதலை 1870இல்தான். 1943 அக்டோபர் 16 அன்று ஜெர்மானியப் படை அதே தெருக்களுக்குள் புகுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்கள் 16 பேர்.

தெஸ்தாச்சோவில் வளர்ந்த எல்சா மொராந்தே, 1974இல் வெளிவந்த ‘லா ஸ்தோரியா’ நாவலில் அந்த நாட்களையும் இந்தப் பேட்டையையும் எழுதியிருக்கிறார். பசியை அவ்வளவு நெருக்கமாக எழுதிய நாவல்கள் குறைவு. ரோம் சமையல் பற்றி ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்றால் சமையல் குறிப்புகளை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

ஆர்டிச்சோக்குக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2018இல் இஸ்ரேலின் தலைமை ரபிகள் அவை, முழு ஆர்டிச்சோக்கின் இதழ்களுக்குள் பூச்சி ஒளிந்திருக்கலாம், அதனால் அது யூத உணவு விதிக்குப் பொருந்தாது என்றது. ரோம் யூதர்கள் கொதித்துப்போனார்கள். மதிலுக்குள் பூட்டியிருந்த காலத்திலிருந்து எங்கள் பாட்டிகள் சுத்தம் செய்த காய், எங்களுக்கே பாடம் நடத்துகிறீர்களா என்பதுதான் அவர்கள் கோபத்தின் சாரம். மரபு யாருடையது என்ற சண்டை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை.

அப்படியென்றால் ‘இத்தாலியச் சமையல்’? 1861இல் நாடு ஒன்றுபட்டபோது மக்களில் 2.5 சதவீதம் பேருக்குத்தான் இத்தாலிய மொழி தெரிந்திருந்தது என்று மொழியியலாளர் துல்லியோ தே மௌரோ கணக்கிட்டார். மொழியே இல்லாதபோது பொதுவான சமையல் எங்கே இருக்கும்? 1891இல் ஃபுளோரன்ஸில் வாழ்ந்த ஓய்வுபெற்ற பட்டு வியாபாரி பெல்லெக்ரினோ அர்தூசி ஒரு சமையல் புத்தகம் எழுதினார். பதிப்பாளர் யாரும் தொடவில்லை. சொந்தக் காசில் ஆயிரம் படிகள் அச்சிட்டார். முதல் பதிப்பில் 475 குறிப்புகள். வீட்டுப் பெண்கள் கடிதம் எழுதி எழுதித் திருத்த, கடைசிப் பதிப்புகளில் அது 790 ஆனது. நாட்டை ஒன்றாக்கியதில் மன்ஸோனியின் நாவலைவிட இந்தப் புத்தகத்துக்குப் பங்கு அதிகம் என்று பியேரோ கம்போரேசி என்ற அறிஞர் சொன்னதுண்டு. ஆனால் அர்தூசியின் இத்தாலி வடக்கிலும் நடுவிலும்தான் இருக்கிறது, தெற்கே போகப் போக மெலிந்துவிடும். இன்னொன்றையும் அவர் போகிறபோக்கில் எழுதிவைத்தார்: நாற்பது வருடங்களுக்கு முன் ஃபுளோரன்ஸ் சந்தையில் கத்தரிக்காயைப் பார்ப்பதே அரிது, யூதர்கள் தின்னும் இழிந்த காய் என்று ஒதுக்கியிருந்தார்கள் என்று. இன்று கத்தரிக்காய் இல்லாத இத்தாலியச் சாப்பாட்டுக் கடையைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இனி கார்போனாரா. முட்டை, பன்றிக் கன்னக்கொழுப்பு, பெக்கொரினோ பாலாடைக்கட்டி, மிளகு. இதில் கிரீம் ஊற்றினால் ரோமானியர்கள் கொலைவெறியோடு பார்ப்பார்கள். தொன்றுதொட்டு வந்த மரபு என்பார்கள். எவ்வளவு தொன்மை? ரோம் சமையலைத் தொகுத்து அதா போனி 1929இல் வெளியிட்ட நூலில் கார்போனாரா இல்லை. 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் ரோமுக்குள் வந்தன, அமெரிக்கச் சிப்பாய்களின் மூட்டையில் உப்புப் பன்றிக்கறியும் முட்டைத்தூளும் இருந்தன. அதற்குப் பிறகுதான் இந்தப் பெயர் வாயில் அடிபடத் தொடங்குகிறது. 1952இல் சிகாகோ உணவகங்களைப் பற்றிய ஒரு கையேட்டில் செய்முறை வந்துவிட்டது. இத்தாலிய இதழொன்றில் வந்தது 1954இல்தான், அதிலும் பூண்டும் சுவிட்சர்லாந்தின் குரூயேர் பாலாடைக்கட்டியும்! இன்று அந்த முறைப்படி செய்து ரோமில் பரிமாறினால் கடையை மூடவேண்டியதுதான். பார்மா பல்கலைக்கழகத்தின் உணவு வரலாற்றாளர் அல்பெர்த்தோ கிராந்தி, 2023இல் ஒரு பேட்டியில் கார்போனாரா அமெரிக்க உணவு என்று சொல்லிவிட்டு வாங்கிய வசை கொஞ்சமில்லை. அவர் கொஞ்சம் சீண்டிவிட்டு வேடிக்கை பார்க்கிற ரகம்தான். ஆனால் ஆவணங்கள் அவர் பக்கம்தான் அதிகம் சாய்கின்றன. ஆமாம், பெக்கொரினோ ரொமானோ என்ற பெயரில் ரோம் இருந்தாலும், அதில் மிகப் பெரும்பகுதி இன்று சார்டினியாத் தீவில்தான் தயாராகிறது.

அமத்ரிச்சானாவும் அப்படித்தான். ரோமின் நான்கு பெரிய பாஸ்தாக்களில் ஒன்று. ஆனால் அமத்ரிச்சே மலையூர், அது பழைய நேப்பிள்ஸ் அரசின் அப்ருச்சோ பகுதியில் இருந்தது. ரோம் இருக்கும் லாட்சியோவோடு அதைச் சேர்த்தது 1927இல். ஆட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் மந்தையோடு ரோம் சமவெளிக்கு இறங்கி வந்தபோது கொண்டுவந்த சாப்பாடு அது. தக்காளி பிறகு சேர்ந்தது. 2016 ஆகஸ்ட் 24 அதிகாலை நிலநடுக்கத்தில் ஊரே இடிந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். அந்த வார இறுதியில்தான் 50ஆவது அமத்ரிச்சானாத் திருவிழா நடப்பதாக இருந்தது. இத்தாலி முழுக்கவும் வெளியிலும் உணவகங்கள் ஒரு தட்டுக்கு 2 யூரோ வீதம் அந்த ஊருக்கு அனுப்பின. அப்போது இது ரோமின் பாஸ்தாவா அப்ருச்சோவின் பாஸ்தாவா என்று யாரும் கேட்கவில்லை.

தெஸ்தாச்சோ கசாப்புக்கூடம் 1975இல் மூடப்பட்டது. இன்று அங்கே கட்டடக் கலைப் பள்ளியும் கலைக்கூடமும் இருக்கின்றன. கறி தொங்கிய இரும்புக் கொக்கிகள் சில அப்படியே தொங்குகின்றன, ஆட்கள் நின்று படம் எடுக்கிறார்கள். ஐந்தாவது காலைக் கூலியாக வாங்கியவர்கள் போனபிறகுதான் அது பண்பாடானது. அதற்கு வழி போட்டவர்களில் இடதுசாரிகளும் உண்டு என்பது எனக்குப் பிடித்த முரண். 1986இல் ரோமின் ஸ்பானியச் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. அதே வருடம் பியட்மொன்டில் கார்லோ பெத்ரீனியும் நண்பர்களும் ‘ஆர்ச்சிகோலா’வைத் தொடங்கினார்கள், அதுவே பிறகு ஸ்லோ ஃபுட் இயக்கமானது. ‘இல் மானிஃபெஸ்தோ’ என்ற கம்யூனிஸ்ட் நாளிதழின் எட்டுப் பக்க இணைப்பாகக் ‘காம்பெரோ ரோஸ்ஸோ’ பிறந்ததும் அந்த வருடம்தான். ஏழைகளின் சமையலை அவர்கள் மதிப்போடு எழுதினார்கள், சந்தேகமில்லை. 1990இல் ஸ்லோ ஃபுட் ‘ஒஸ்தேரியே தி’இத்தாலியா’ என்ற வழிகாட்டியைக் கொண்டுவந்தது. காகித விரிப்பு, வட்டாரச் சமையல், நியாயமான விலை என்று நாம் இன்று தேடிப்போகும் கடையின் இலக்கணத்தை எழுதியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் வழிகாட்டியில் ஏறிய கடையின் விலை எத்தனை நாள் நியாயமாக இருக்கும்? நான் தின்ற வாலின் விலையைக் கேட்டால் அந்தத் தோலுரிப்பவரின் பேரன் எழுந்து போயிருப்பார்.

இந்தக் கதையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஒரு பாத்திரம் உண்டு. பால்குடி மாறாத கன்றின் சிறுகுடலை உள்ளே இருப்பதோடு சேர்த்துக் கட்டிச் சமைப்பது பயாத்தா. பாதி செரித்த பால் சூட்டில் திரிந்து பாலாடைக்கட்டி மாதிரி ஆகும். ரிகத்தோனி பாஸ்தாவோடு தருவார்கள். மாட்டுப் பித்த நோய் பரவியபோது, 2001இல் மாட்டுக்குடலைத் தடைசெய்தார்கள். ரோமானியர்கள் 14 வருடம் ஆட்டுக்குட்டியின் குடலை வைத்துச் சமாளித்தார்கள். 2015இல் தடை நீங்கியபோது செய்தித்தாள்கள் அதை விடுதலைச் செய்தி மாதிரி எழுதின.

2009 ஜனவரியில், டஸ்கனியின் லுக்கா நகர மன்றம் மதிலுக்குள் இருக்கும் பழைய நகரில் வேற்றினச் சாப்பாட்டுக் கடைகள் புதிதாகத் திறக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. கெபாப் கடைகளைக் குறிவைத்த விதி. காரணம், வட்டார மரபைக் காப்பது. நமக்கு இது புதிதா என்ன? பினாங்கில் 2016 தொடக்கத்திலிருந்து குறிப்பிட்ட உள்ளூர் உணவுகளை அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் சமைக்கக்கூடாது.

லுக்காவின் விதிக்கு முந்தின வருடம்தான், அதே காம்பெரோ ரோஸ்ஸோ ரோமின் மிகச் சிறந்த கார்போனாரா எங்கே கிடைக்கிறது என்று தேடிப் பட்டியல் போட்டது. முதலிடம் பிடித்த கடையின் சமையற்காரர் துனீசியாவிலிருந்து 17 வயதில் வந்தவர். ஒன்றரை வருடம் தட்டு கழுவியபிறகுதான் அவர் முதல் பாஸ்தாவை வேகவைத்தார். இரண்டாமிடம் வந்த கடையின் தலைமைச் சமையற்காரர் இந்தியர். நியூயார்க் டைம்ஸ் இதைச் செய்தியாக்கி, சமைப்பவர் இத்தாலியர் இல்லையென்றால் அது இத்தாலியச் சமையல்தானா என்று கேட்டது. அந்தக் கேள்வியை ஆர்டிச்சோக் பொரித்தவர்களிடமும், குடல் கழுவியவர்களிடமும், மலையிலிருந்து இறங்கிய ஆட்டுக்காரர்களிடமும் அந்தந்தக் காலத்தில் கேட்டிருக்கலாம்.

நான் இதையெல்லாம் நண்பரிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பாஸ்தாவை முடித்துவிட்டுத் தட்டை ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தார். சமையலறைக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளேயிருந்து வங்காளியில் யாரோ கத்துவது கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

பில் வந்தது. நண்பர் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். இத்தாலியில் பல இடங்களில் உட்கார்ந்ததற்கே தலைக்கு இவ்வளவு என்று ‘கொப்பெர்த்தோ’ போடுவார்கள். லாட்சியோவில் 2006இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். அதனால் இங்கே ‘பானே’ என்றிருந்தது. ரொட்டி.

“ரொட்டிக்கும் காசா? பாதிகூட சாப்பிடலையே” என்றார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கூடையில் மிச்சமிருந்த மூன்று துண்டுகளையும் காகிதக் கைக்குட்டையில் மடித்து முடிந்து பைக்குள் போட்டுக்கொண்டார்.